அல்ஜீப்ரா 1 வகுப்பில் மறுபடியும் என் மகள்: டெக்சாஸ் பள்ளி விதிகள் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

டாலஸ் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவரின் வேலை நிமித்தம் இந்த ஜூலையில்தான் கோவையிலிருந்து குடும்பம் டெக்சாஸுக்கு வந்திருக்கிறது. கோவையில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்த மகள், 2025-26இல் இங்கே அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி திறந்து ஆறு வாரம் ஆன பிறகுதான் மகள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கான அல்ஜீப்ரா 1 வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவந்தது. "தெரிஞ்ச பாடம்தானே, ஈசியா ஏ வாங்கிடுவா, விடு" என்கிறார் கணவர். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கும் உறவினர் ஒருவர், "அல்ஜீப்ரா 2 எல்லாம் இப்ப கட்டாயம் இல்லை, எடுத்துட்டாங்க" என்கிறார். மாநில அரசு நடத்தும் ஸ்டார் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பள்ளியோ ஐந்து தேர்வில் தேறினால்தான் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயம் (டிப்ளமோ) என்று காகிதம் அனுப்பியிருக்கிறது. ஒன்றில் தவறினாலும் ஒரு வருடம் போய்விடுமோ என்று அவர் தூக்கமில்லாமல் இருக்கிறார். இவற்றோடு, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியது தப்பா, மகள் புதிதாக ஸ்பானிஷ் படித்தே ஆக வேண்டுமா, ஜனவரியில் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாமா என்ற கேள்விகளும் உண்டு.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் தேர்வைப் பற்றிய பயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்புதான். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் தேர்வு அல்ல. போகிற போக்கில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த அல்ஜீப்ரா 1 வகுப்புதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஒரு வகுப்பு ஏன் இத்தனை முக்கியம்

டெக்சாஸில் 2013ஆம் ஆண்டு ஹவுஸ் பில் 5 என்ற சட்டம் வந்தது. ஸ்டாரின் உயர்நிலைப் பள்ளி வடிவமான, இ.ஓ.சி. என்று சொல்லப்படும் பாட இறுதித் தேர்வுகளைப் பதினைந்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது அதுதான். அதற்கு முன் பெரும்பாலான மாணவர்கள் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூகவியல் நான்கிலும் நான்கு நான்கு கிரெடிட் முடிக்க வேண்டியிருந்தது. அந்த முறையை எடுத்துவிட்டு, 2014-15இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல் ஃபவுண்டேஷன் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஓராண்டுப் பாடம் ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடம் அரை கிரெடிட். ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 3, சமூகவியல் 3, வேற்றுமொழி 2, நுண்கலை 1, உடற்கல்வி 1, விருப்பப் பாடங்கள் 5 என்று மொத்தம் 22 கிரெடிட். சுகாதாரம் போன்ற பாடங்களை உங்கள் ஐ.எஸ்.டி. (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம்) தன் பங்குக்குக் கூடுதலாகவும் கேட்கலாம்.

உறவினர் சொன்னது இந்த 22 கிரெடிட் கணக்குக்குச் சரி. வெறும் ஃபவுண்டேஷனுக்கு அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அதற்கு மேல் ஏதாவது ஒரு கணக்கு போதும். ஆனால் இது கதவைத் தாண்டி வெளியே போவதற்கான குறைந்தபட்சம். இதற்கு மேல் இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி எண்டார்ஸ்மென்ட், அதாவது ஒரு துறையில் கூடுதல் பாடம் படித்ததற்கான குறிப்பு: ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), வணிகமும் தொழிலும், பொதுச்சேவை, கலையும் மானுடவியலும், பல்துறை என்ற ஐந்தில் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் நுழையும்போதே மாணவர் எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு நான்காவது கணக்கு, நான்காவது அறிவியல், இன்னும் இரண்டு விருப்பப் பாடம் சேர்ந்து 26 கிரெடிட். இரண்டாவது படி டிஸ்டிங்விஷ்ட் லெவல். எண்டார்ஸ்மென்ட்டோடு, அந்த நான்கு கணக்கில் ஒன்று அல்ஜீப்ரா 2 ஆக இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டாவது படி வெறும் அலங்காரம் இல்லை. வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆட்டோமேட்டிக் அட்மிஷன் உண்டல்லவா, அதற்கு இந்த லெவல் வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் தனக்கென்று சிறிய வட்டம் வைத்திருக்கிறது. 2026 இலையுதிர் சேர்க்கை முதல் அது முதல் ஐந்து சதவீதம். (பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றுதான் சட்டம் சொல்கிறது, கேட்ட பாடப்பிரிவில் இடம் உறுதி என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கனவு உள்ள வீடுகளில் இதைப் பலரும் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.)

இப்போது உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குக் கிரெடிட் தராமல், பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 என்றால், பதினொன்றில் ஜியோமெட்ரி, பன்னிரண்டில் அல்ஜீப்ரா 2. மூன்றே கிரெடிட். நான்காவது கணக்கு சேராது. சேராவிட்டால் எண்டார்ஸ்மென்ட் இல்லை. அது இல்லாவிட்டால் டிஸ்டிங்விஷ்ட் லெவலும் இல்லை. ஒரே வருடத்தில் இரண்டு கணக்கு எடுத்துத் துரத்திப் பிடித்தால்தான் உண்டு. பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்குக் கால்குலஸ் எட்டவே எட்டாது. "ஈசியா ஏ" என்று உங்கள் கணவர் சொல்வதன் விலை இது. அவர் மேல் தப்பில்லை. இந்த ஊர்ப் பாடத்திட்டம் ஏணி மாதிரி அடுக்கியிருப்பது நமக்குப் பழக்கமில்லை.

காகிதம் போய்ச் சேரவில்லை

பள்ளி வேண்டுமென்றே செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் கையில் "மேத்தமேட்டிக்ஸ் 91, சயின்ஸ் 88" என்ற ஒற்றைத் தாள் இருக்கும். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, பயாலஜி என்று பிரித்துப் படிக்கும் ஊரில், வெறும் "மேத்தமேட்டிக்ஸ்" எந்தப் பெட்டியில் விழும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாதபோது அடியிலிருந்து தொடங்க வைப்பது அவருக்குப் பாதுகாப்பு.

கோவைப் பள்ளிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பள்ளி முகப்புத்தாளில், முத்திரையும் தலைமையாசிரியர் கையெழுத்துமாக, ஆங்கிலத்தில் கேட்க வேண்டியவை: ஒன்பதாம் வகுப்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் இறுதி மதிப்பெண், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ஆண்டு தொடங்கி முடிந்த தேதி, கணக்குப் பாடத்தின் அலகுத் தலைப்புகள். பல்லுறுப்புக் கோவைகள், இரு மாறி நேரியல் சமன்பாடுகள், ஆயத்தொலை வடிவியல் என்று தலைப்புகளைப் பார்த்தால் அல்ஜீப்ரா 1 கிரெடிட்டுக்கு வாதாட இடமுண்டு. தனியார் நிறுவனத்தில் மதிப்பெண் ஆய்வறிக்கை வாங்கி வரச் சொன்னால், எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஐ.எஸ்.டி. ஏற்கும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதோடு கவுன்சிலரிடம் நேரம் கேட்டு, "இவளுடைய வெளிநாட்டுக் கிரெடிட் மதிப்பீடு முடிந்துவிட்டதா? முடிவை எழுத்தில் தர முடியுமா?" என்று கேளுங்கள். கிரெடிட் தருவது ஐ.எஸ்.டி.யின் முடிவு. முடியாது என்றால் காரணம் கேளுங்கள், பிறகு முதல்வர், பிறகு ஐ.எஸ்.டி. அலுவலகம், கடைசியில் பள்ளி வாரியம் என்று மேல்முறையீட்டுக்குப் படிகள் உண்டு. அந்த முறையீட்டுக்குக் கெடு நாட்கள் உண்டு என்பதால் பேச்சோடு விட்டுவிடாமல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கிடைத்தால் இந்த ஆண்டே ஜியோமெட்ரிக்கு மாற்றக் கேட்கலாம். ஆறு வாரம் தவறிப்போனதால் சிரமம் இருக்கும், ஆனால் முடியாததல்ல. பள்ளி மறுத்தால் இன்னொரு வழி கிரெடிட் பை எக்ஸாம். அந்தப் பாடத்தை வகுப்பில் படிக்காமலே தேர்வு எழுதி 80 சதவீதம் எடுத்தால் கிரெடிட் கிடைத்துவிடும். ஏற்கெனவே படித்த பாடமென்றால் 70 போதும். ஐ.எஸ்.டி. ஆண்டுக்கு நான்கு முறையாவது இதை நடத்த வேண்டும். கோடையில் ஜியோமெட்ரியை இப்படி முடித்துவிட்டுப் பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ் என்று போகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "வடிவியல்தானே, ஒன்பதாம் வகுப்பிலேயே முக்கோணம் வட்டமெல்லாம் பார்த்தாச்சு" என்று நம்பி உட்கார்ந்தால் 80 வராது. டெக்சாஸ் ஜியோமெட்ரியில் நகர்த்தல், பிரதிபலிப்பு, சுழற்சி போன்ற உருமாற்றங்கள், செங்கோண முக்கோணத் திரிகோணமிதி, நிகழ்தகவு எல்லாம் வரும். நம் ஒன்பதாம் வகுப்பில் திரிகோணமிதி இல்லை, அது பத்தில்தான். ஒரு பாடத்துக்கு இரண்டு முறைதான் முயலலாம். எட்டு வாரமாவது உட்கார்ந்து படித்துவிட்டு எழுதட்டும்.

ஐந்து தேர்வா, மூன்றா

இப்போது தேர்வு. அல்ஜீப்ரா 1, பயாலஜி, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, அமெரிக்க வரலாறு: இவைதான் அந்த ஐந்து. இவற்றை ஒரே மாதத்தில் எழுதும் பொதுத்தேர்வு என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஆண்டு எந்தப் பாடத்தைப் படிக்கிறாளோ, அந்த ஆண்டின் கடைசியில் அதற்குரிய தேர்வு. அமெரிக்க வரலாறு பொதுவாகப் பதினொன்றில்.

பள்ளி அனுப்பிய காகிதம் எல்லோருக்கும் பொதுவானது. வெளிநாட்டில் முடித்த ஒரு பாடத்துக்கு ஐ.எஸ்.டி. கிரெடிட் தந்துவிட்டால், பட்டயத்துக்காக அந்தப் பாடத்தின் இ.ஓ.சி. எழுத வேண்டியதில்லை. அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1 இரண்டுக்கும் கிரெடிட் கிடைத்தால் உங்கள் மகளுக்கு மிச்சம் மூன்று. நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் இயற்பியல், வேதியியல், உயிரியல் கலந்தது என்பதால் அதைத் தனிப் பயாலஜியாக ஏற்பது அரிது. அந்தத் தேர்வு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் தராமல் அல்ஜீப்ரா 1 வகுப்பில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்தால் அதன் தேர்வும் கூடவே வரும். காகித வேலையை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்வின் மதிப்பீடு நான்கு நிலை: எட்டவில்லை, நெருங்குகிறார், எட்டினார், தேர்ந்தவர் என்று தமிழில் சொல்லலாம். பட்டயத்துக்கு "நெருங்குகிறார்" நிலையே போதும். தவறினால் வருடம் போகாது. டிசம்பர், வசந்தகாலம், ஜூன் என்று ஆண்டுக்கு மூன்று முறை எழுதலாம். எத்தனை முறை என்று வரம்பில்லை. தவறியவருக்குப் பள்ளியே 15 அல்லது 30 மணி நேரம் கூடுதல் பயிற்சி தர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிலும் இரண்டு வரை தேறாமல் நின்றால், முதல்வர், பாட ஆசிரியர், பெற்றோர் அடங்கிய ஒரு குழு கூடி, செயல்திட்டம் போன்றவற்றைச் செய்யவைத்து, எல்லோரும் ஒத்துக்கொண்டால் பட்டயம் தரலாம் என்று 2015இல் சட்டம் செய்தார்கள். கல்லூரி நிலைப் பாடமான ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் ஐந்துக்கு 3 எடுத்தால் அதையே வரலாற்று இ.ஓ.சி.க்கு ஈடாக ஏற்பதும் உண்டு.

இ.ஓ.சி. மதிப்பெண் ஜி.பி.ஏ.வில் (பாடங்களின் சராசரி மதிப்பெண்ணில்) சேராது, வகுப்புத் தரவரிசையிலும் சேரக்கூடாது. முன்பு பாட மதிப்பெண்ணில் 15 சதவீதம் இந்தத் தேர்வு என்று இருந்தது. 2013 சட்டம் அதை எடுத்துவிட்டது. ஆகவே இதற்காக டியூஷன் வைத்து அவளை வாட்ட வேண்டாம். ஒரே ஒரு தயாரிப்பு போதும்: 2022-23 முதல் எல்லாமே கணினியில்தான், ஆங்கிலத் தேர்வில் வாசித்த பகுதியிலிருந்து சான்று காட்டிக் கட்டுரை எழுத வேண்டும். கையெழுத்தில் பதில் எழுதிப் பழகிய பிள்ளை, பள்ளி தரும் மாதிரித் தேர்வில் ஒருமுறையாவது தட்டச்சு செய்து பார்க்கட்டும். தேர்வே வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ள டெக்சாஸ் சட்டம் இடம் தருவதில்லை. இணையத்தில் சுற்றும் படிவங்களை நம்பாதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தி பாதி உண்மை. 2025 செப்டம்பரில் கையெழுத்தான ஹவுஸ் பில் 8, ஸ்டாருக்குப் பதிலாக ஆண்டுத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று குறுந்தேர்வுகளைக் கொண்டுவருகிறது. ஆனால் அது 2027-28இல்தான் நடைமுறைக்கு வரும். அப்போது உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவள் எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்திருப்பாள். மாற்றம் தொடப்போவது அப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் மகனைத்தான். இந்த ஆண்டு அவனுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றிலும் ஸ்டார் உண்டு. தேறாவிட்டால் வகுப்பிலேயே நிறுத்திவைக்கும் பழைய விதி 2021இல் நீங்கிவிட்டதால் அந்தக் கவலை வேண்டாம்.

வீட்டு மொழி "தமிழ்" என்று எழுதியது தப்பா?

இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி "ஆங்கிலம்" என்று பொய் எழுதியிருக்க வேண்டியதும் இல்லை. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்று வைத்து, நான்கு வாரத்துக்குள் ஒரு குழு முடிவு சொல்லும். கூடுதல் உதவி தேவை என்று வந்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் "உதவி தேவைப்படும் மாணவர்" என்ற குறிப்பு பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து வெளியே வரும் வரை ஆண்டுதோறும் டெல்பாஸ் என்ற மொழித் தேர்வும் தொடரும். ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளுக்குச் சிக்கல் பெரும்பாலும் பேச்சுப் பகுதியில்தான்: மைக்கைப் பார்த்துக் கூச்சப்பட்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். வாய் திறந்து முழு வாக்கியமாகப் பேசச் சொல்லுங்கள்.

ஸ்பானிஷ் வேண்டாம், தமிழே கிரெடிட்

வேற்றுமொழி இரண்டு கிரெடிட்டுக்கு ஸ்பானிஷோ பிரெஞ்சோதான் என்று சட்டம் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள், அதைத் தேர்வு எழுதியே கிரெடிட் ஆக்கலாம். அவான்ட் ஸ்டாம்ப் என்ற மொழித் தேர்வு தமிழிலும் இருக்கிறது. எழுதவும் பேசவும் வேண்டும். உங்கள் ஐ.எஸ்.டி. எந்தத் தேர்வை ஏற்கிறது, எந்த நிலைக்கு எத்தனை கிரெடிட், கட்டணம் யார் பொறுப்பு என்பதைக் கவுன்சிலரிடம் கேளுங்கள்; அவருக்குத் தெரியாவிட்டால் ஐ.எஸ்.டி. அலுவலகத்தில் உலகமொழிகள் பிரிவு என்று ஒன்று இருக்கும். தேர்வு கணினியில் என்பதால் தமிழ்த் தட்டச்சுப் பழக்கம் வேண்டும். நன்றாகத் தமிழ் தெரிந்த பிள்ளை, விசைப்பலகையில் ழகரத்தைத் தேடியே நேரத்தைத் தொலைப்பது கொடுமை.

இந்த இரண்டு இடம் காலியானால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இரண்டாவது கணக்கு, அல்லது ஒரு ஏ.பி. பாடம். துரத்திப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அட்டவணையில் ஒரு காலி நேரம் தங்கம் மாதிரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டு கிரெடிட் எடுத்து வேற்றுமொழிக்கு ஈடு செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சில கல்லூரிகள் தங்கள் பங்குக்கு மொழி கேட்கும் என்பதால், தமிழ் இருக்கும்போது அந்த வழி தேவையில்லை என்பது என் எண்ணம்.

இதே மூச்சில் இன்னொரு கையெழுத்து. பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு, பெற்றோர் சம்மதத்தோடு எண்டார்ஸ்மென்ட் வேண்டாம் என்று விலகி 22 கிரெடிட்டோடு நிற்க ஒரு படிவம் உண்டு. மகள் ஏதோ ஒரு தாளை நீட்டி "அம்மா, சைன்" என்றால், அது அந்தத் தாளா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பன்னிரண்டில் கல்லூரி நிதியுதவி விண்ணப்பம் ஒன்று கேட்பார்கள். உங்களுக்குப் பொருந்தாது என்றால் விலகல் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும்.

தம்பி கல்யாணம்

டிசம்பர் 20 முதல் ஜனவரி 31 வரை பயணம், முகூர்த்தம் ஜனவரி 25 என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். அப்படியென்றால் மகளுக்கு ஏறத்தாழ 18 பள்ளி நாள் போகும். டெக்சாஸில் ஒரு பாடத்துக்குக் கிரெடிட் வேண்டுமானால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், அந்த வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்திருக்க வேண்டும். அரையாண்டுக்கு ஏறத்தாழ 85 முதல் 90 நாள் என்று வைத்தால், எட்டு ஒன்பது நாள்தான் தாங்கும். 18 நாள் போனால் வருகை 80 சதவீதத்தில் நிற்கும். 75க்கு மேல் இருப்பதால் முதல்வர் தரும் திட்டப்படி விட்டுப்போனதைச் செய்து கிரெடிட்டை மீட்கலாம், ஆனால் அது அவர் மனசு வைத்தால். சமய விழா நாளுக்கும் மருத்துவரைப் பார்க்கப் போவதற்கும் விலக்கு உண்டு. தாய்மாமன் கல்யாணத்துக்கு இல்லை.

நீங்களும் மகனும் முன்னால் போவதென்றால் மகனுக்கும் இதே 90 சதவீத விதிதான். அவன் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகள் அப்பாவோடு ஜனவரி 21 புதன்கிழமை கிளம்பி, மறு புதன்கிழமை வந்து இறங்கட்டும். ஆறு நாள்தான் போகும். அதற்குப் பிறகு மே மாதம் வரை காய்ச்சல் தலைவலிக்கு இரண்டு மூன்று நாள்தான் கையில் மிச்சமிருக்கும் என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள்.